அண்ணாந்து குடித்தவர்

என் அப்பா முத்துக்கருப்பன் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். செம்பை உதட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, முகத்தை வானத்துக்குக் காட்டி, கயிறு மாதிரி இறங்கும் தண்ணீரை வாய்க்குள் வாங்குவார். குரல்வளை ஏறி இறங்கும். சட்டையில் ஒரு சொட்டுப் படாது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வேலைக்காலம் முழுக்கக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அதனால் அந்தக் கழுத்துக்கு அண்ணாந்திருப்பதுதான் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். காரணம் அது மட்டும் இல்லை என்பது போன வருடம்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ளாமலேயே அவரை இழந்திருக்கக்கூடும். இழக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் வாயின் ஓரமும் தளர்ந்தன. அம்மா முருகம்மாள் தாமதிக்காமல் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனதால் கை திரும்பியது, பேச்சும் திரும்பியது. திருநகர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். டப்ளினில் வேலை பார்க்கும் நான், அவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுவதை வீடியோவில் பார்த்தேன். பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்று மனம் சமாதானமானது.

அதற்குப் பிறகுதான் புரையேற ஆரம்பித்தது.

சாப்பிடும்போது புரையேறினால் தூரத்தில் யாரோ நினைக்கிறார்கள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அம்மா அவர் உச்சந்தலையில் தட்டி, "மேல பாருங்க, மேல பாருங்க" என்பாள். பிறகு எனக்குப் போன் போடுவாள்.

"வாணி, இப்பத்தான் ஒங்கப்பாவுக்குப் பொரையேறுச்சு. நீயா நெனச்ச?"

"ஆமாம்மா."

நான் நினைக்காத நேரம் எது? ஆபீஸ் கூட்டத்திலும் நினைப்பேன், பேருந்திலும் நினைப்பேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு மனதில் ஒரு மூலை எப்போதும் ஊரிலேயே இருக்கும். அம்மா கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்றேன். சொன்னது உண்மைதான். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தால் போகும், மறுபடி வரும். சளி என்றார்கள். காசநோயோ என்று சோதித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. கொடுக்கிற டம்ளரை வாங்கி, அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவாராம். அந்த வருடம் செடி நன்றாகப் பூத்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

கார்த்திகையில் மூச்சு வாங்க ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படம் எடுத்துப் பார்த்த நெஞ்சு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். வலது நுரையீரலின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. இன்னொரு முறை இப்படி வந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்பா அன்று அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "வாயால சாப்புடுறவரைக்கும்தான் நான் மனுசன். டியூப்பு மட்டும் வேணாம்னு வாணிகிட்ட சொல்லிரு."

அம்மா அதைச் சொன்ன வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

நெஞ்சு டாக்டர் எங்களை ஆயிஷா சித்திகாவிடம் அனுப்பியிருந்தார். காஜிமார் தெருக்காரப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கிற தெரபிஸ்ட்.

"முழுங்கக் கத்துக்குடுக்க ஒரு படிப்பா தாயி?" என்று அப்பா கேட்டார்.

"நாலு வருசப் படிப்பு ஐயா. எங்க அத்தாவும் இதத்தான் கேட்டாங்க. அவங்களுக்கு இன்னமும் வெளங்கல."

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அவரை நிமிர்ந்து உட்கார வைத்தாள். வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கை இப்படியும் அப்படியும் நீட்டச் சொன்னாள். ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேல் இரண்டு விரல்களை லேசாக வைத்துக்கொண்டாள்.

"முழுங்கியாச்சா? இப்ப ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார். பானைக்குள்ளிருந்து பேசுவது போல, தண்ணீர் புரளும் சத்தத்தோடு வந்தது.

"இருமல் வரலையே. அப்ப நல்லாத்தான் முழுங்குறாரு" என்றாள் அம்மா.

"இருமல் வந்தாத்தாம்மா நல்லது, வெளிய தள்ளிரும். ஐயாவுக்குப் பாதி நேரம் இருமாமயே உள்ள போகுது."

எனக்கு அந்தக் குரல் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் வருகிற அப்பாவின் குரல் அது. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து நானே பலமுறை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் அப்பாவைப் பக்கவாட்டாக உட்கார வைத்து, பேரியம் என்கிற வெள்ளை மருந்து கலந்த தண்ணீரைக் கொடுத்து, அவர் விழுங்குவதை எக்ஸ்ரேயில் படமாக ஓடவிட்டார்கள். முடிந்ததும் ஆயிஷா அந்தப் படத்தை அப்பாவுக்கே போட்டுக் காட்டினாள். நான் பாதியில் கண்ணை எடுத்துக்கொண்டேன். அப்பாவோ, டிரான்ஸ்பார்மர் கோளாறைப் பார்க்கிறவர் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இந்தா, இந்த மூடி லேட்டா விழுகுது" என்றார்.

"அதேதான் ஐயா. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூச்சுக்கொழாய் மூடுறதுக்குக் கொஞ்சம் நேரமாகுது. தண்ணி அதுக்குள்ள முந்திருது. அண்ணாந்தீங்கன்னா இன்னும் வேகமா முந்துது."

"சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சு லேட்டா விழுந்தா சப்ளை தப்பு லைன்ல ஏறும். இது எங்க வேலைதான்."

"சரியாச் சொன்னீங்க."

"பழைய சுவிட்ச்ச கழத்திட்டுப் புதுசு மாட்டிரலாமா?"

"ஸ்டாக்கு இல்ல ஐயா. சப்ளையத்தான் மெதுவா அனுப்பணும்."

அவர் அந்த ஆஸ்பத்திரிக்குள் முதல் முறையாகச் சிரித்தார்.

அடுத்த படத்தையும் காட்டினாள். அதே தண்ணீரைக் கெட்டியாக்கி, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடித்தபோது வெள்ளைக் கோடு வழி மாறாமல் உணவுக்குழாய்க்குள் இறங்கியது. "எல்லாருக்கும் இது சரிவராது. இவுகளுக்குச் சரிவருதுன்னு படத்துலயே பாத்துட்டோம்" என்றாள். டியூப் தேவைப்படாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். படத்தை முன்னும் பின்னும் ஓட்டி எனக்குப் பொறுமையாகக் காட்டிய அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்தும்கொண்டேன். "அக்கா, என் கை முழுக்க பேரியம்" என்று அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தோம். தண்ணீர், டீ, மோர் எதுவானாலும் ஆயிஷா கொடுத்த பொடியைப் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். உதிரிச் சோறும் பொரிகடலையும் வேண்டாம். ரசம் ஊற்றிய சோறும் வேண்டாம், ரசம் ஒரு பக்கமும் சோறு ஒரு பக்கமும் போகும். குழைந்த கஞ்சி சரி. ஒவ்வொரு மடக்குக்கும் நாடியைத் தாழ்த்த வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. பல் விளக்காமல் விடவே கூடாது, வாயில் தங்குகிற அழுக்குதான் நெஞ்சில் இறங்கிச் சீழாகிறது. அம்மா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். கஞ்சியைக் கரண்டியிலிருந்து வழியவிட்டு, எந்தப் பதத்தில் வழிய வேண்டும் என்பதையும் பிடித்துவிட்டாள்.

அப்பாதான் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அம்மா பக்கத்தில் நின்று, கை நடுங்கும் என்று டம்ளரைத் தானே பிடித்து வாயருகே கொண்டுபோவாள். "குனிஞ்சு குடிங்க" என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் போய் நின்றாலும் அதேதான். அவ்வளவு தெளிவாகப் படத்தைப் புரிந்துகொண்டவர், வாயை மட்டும் திறக்க மாட்டார். ஒரு காலையில் கொல்லைப் பக்கக் குழாயடியில் செம்பைத் தூக்கி அண்ணாந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் செம்பைப் பிடுங்கினேன். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று மாலை உடம்பு கதகதவென்றிருந்தது. தெர்மாமீட்டரை எடுக்கவே என் கை வரவில்லை.

மறுநாள் அவரைப் பார்க்க நூருல் அமீன் வந்தார். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பம் நடும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர், பிறகு இருவரும் ஒன்றாக லைன் பார்த்தவர்கள். எண்பதை நெருங்குகிறவர், முட்டிவலியோடு டவுனிலிருந்து பேருந்து ஏறி வந்திருந்தார். அன்று ஆயிஷாவும் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். வந்தவளிடம் அவர் முதலில் கேட்டது, "ஜிகர்தண்டா கெட்டியாத்தானம்மா இருக்கு, அதக் குடுக்கலாமா இவனுக்கு?"

"வாய்க்குள்ள போனதும் உருகித் தண்ணியாயிரும் பெரியத்தா. வேணாம்."

"எனக்கு?"

"ஒங்களுக்குச் சுகர் எம்புட்டு?"

"அத விடு" என்று அப்பா பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏன் மாப்ள, கம்பத்துல ஏறும்போது பெல்ட்டு மாட்டுடான்னா மாட்டுனேல்ல? அது மாதிரிதான இதுவும். சொல்றதக் கேட்டா என்ன?"

"பெல்ட்டு மாட்டலாம் பாய். குனியத்தான் முடியாது."

"ஏன், கழுத்து வலிக்குதா?"

அம்மா, ஆயிஷாவுக்குச் செய்துகாட்டுவதற்காக, கெட்டியாக்கிய தண்ணீரோடு அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு ஆயிஷாவிடம் சொன்னார்.

"கீழக்குயில்குடிதான் தாயி எங்க ஊரு. கூலிக்குப் போற காட்டுல தாகத்துக்குத் தண்ணி கேட்டா, நாங்க வரப்புக்குக் கீழ எறங்கி நிக்கணும். குனிஞ்சு, ரெண்டு கையையும் சேத்து வாய்கிட்ட வச்சுக்கணும். அவுக மேல நின்னு ஊத்துவாக. ஊத்துறது யாருன்னு மூஞ்சி தெரியாது. காலுதான் தெரியும். எங்கய்யா அப்படித்தான் குடிச்சாரு. எங்காத்தாவும் அப்படித்தான். நானும் மீசை மொளைக்கிறவரைக்கும் அப்படித்தான் குடிச்சேன்."

அம்மாவின் கை கீழே இறங்கிவிட்டது.

"கம்பம் நடுற வேலைக்கு வந்த மொத நா. இந்தா உக்காந்திருக்காரே, இவருதான் மேஸ்திரி. வெயிலு. கூஜாவத் தூக்கி அண்ணாந்து குடிச்சிட்டு எம்பக்கம் நீட்டுனாரு. நான் ரெண்டு கையையும் சேத்துக் குனிஞ்சேன். 'என்னடா மாப்ள பண்ற, கூஜாவப் புடிச்சுக் குடி'ன்னாரு. அவரு எப்படிக் குடிச்சாரோ அப்படியே குடிச்சேன். மேலெல்லாம் கொட்டிக்கிட்டேன். அந்தக் கூட்டத்துல அம்புட்டுப் பேரும் அந்த ஒரே கூஜாவுலதான் குடிச்சோம். அன்னைக்கு விட்டதுதான் குனியிறத. இப்ப இவ பக்கத்துல நின்னுக்கிட்டு, குனிங்க, குனிங்கன்னா..."

என்னிடம் அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. நான் பிறப்பதற்குள், சொல்ல வேண்டிய தேவையில்லாத ஒரு வீட்டை அவர் கட்டி முடித்திருந்தார்.

நூருல் அமீன் குழப்பத்தோடு தாடியைத் தடவினார். "எனக்கு ஞாபகமே இல்லையேப்பா. தாகமா இருந்திருப்ப, குடுத்திருப்பேன்."

"ஒங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்" என்றார் அப்பா.

ஆயிஷா எழுந்து அம்மாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். "அம்மா, தப்பு என் பேர்லதான். ஊட்டுறவங்க நிக்கக் கூடாது, உக்காரணும். இத மொத நாளே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள். அடுப்படியிலிருந்த முக்காலியை எடுத்துவந்து, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால், அவர் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்தாள். டம்ளரை அவரது வலது கையிலேயே கொடுத்தாள்.

"யாரும் ஊத்தல. நீங்களே புடிங்க ஐயா. குனியவும் வேணாம். என் மூஞ்சியப் பாருங்க, அம்புட்டுதான்."

கீழே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நாடி தானாகத் தாழ்ந்துதான் ஆக வேண்டும். தாழ்ந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தபடி ஒரு மடக்குக் குடித்தார்.

"இன்னொரு தடவ வெறும் வாயில முழுங்குங்க. ம். இப்ப ஆ சொல்லுங்க."

"ஆ."

குரலில் ஈரமே இல்லை. கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவரைப் பார்த்து, லைனை ஆப் பண்ணுங்கள் என்று கத்துகிற பழைய லைன்மேனின் குரல்.

இன்னொரு மடக்கு. இன்னொன்று. டம்ளர் காலியானது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசினாள்.

"கல்யாணமானதுலேர்ந்து தரையில உக்காந்துதான் ஒங்களுக்குப் பரிமாறுனேன். மகளு டைனிங் டேபிள் வாங்கிக் குடுத்து, இப்பத்தான் நிமிந்து நின்னேன். மறுபடியும் முக்காலியா?"

"மேல வேணும்னாலும் ஒக்காரு. ஆனா எனக்குப் பொரையேறும், பரவாயில்லையா?" என்றார் அப்பா.

"நானும் கீழ உக்காருவேன் மாப்ள, ஆனா எந்திரிக்க ஆளு வேணும்" என்றார் நூருல் அமீன். சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு டம்ளர் கெட்டித் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார். "இத எப்படிடா குடிக்கிற? பசை மாதிரி இருக்கு."

"யூனியனுக்குப் போஸ்டர் ஒட்டுன ஆளுதான நீங்க. பழகிரும்."

முந்தின நாள் கதகதப்பு அன்று மாலை காய்ச்சலாகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. நான் டப்ளினுக்குக் கிளம்பும்போது முக்காலி நாற்காலிக்கு முன்னால் நிரந்தரமாகிவிட்டிருந்தது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடிப்பது, முழுப் பலத்தோடு விழுங்குவது என்று ஆயிஷா கொடுத்த பயிற்சிகளை, பெல்ட் மாட்டி ஏறுகிற ஒழுங்கோடு தினமும் செய்தார். இந்த வருட நோன்பு மாதத்தில், நூருல் அமீன் வீட்டிலிருந்து கறித்துண்டு எடுத்துவிட்ட நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வந்தது. பதம் சரியாக இருக்கிறது என்று ஆயிஷா போனிலேயே பார்த்துச் சொன்னாள். தண்ணீருக்கு இன்னும் பொடி வேண்டும், அது தேவைப்படாமல் போகுமா என்பது தெரியாது என்றும் சொல்லியிருக்கிறாள். ஆனால் சட்டை மறுபடி தோளில் நின்றுவிட்டது. டியூப் என்கிற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

போன மாதம் கீழக்குயில்குடியில் அப்பாவின் தம்பி சுடலை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. அப்பாவும் போய் வந்தார். அங்கே நடந்ததை அம்மா போனில் சொன்னாள். வெயிலில் போய் இறங்கியதும், சுடலை சித்தப்பாவின் மகன் செம்பு நிறைய மோர் கொண்டுவந்து பெரியப்பா முன்னால் நின்றிருக்கிறான். அப்பா வாங்கவில்லை.

"நின்னுக்கிட்டுக் குடுக்காத. உக்காருப்பா."

அவன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறான். அம்மா பையிலிருந்து பொடியை எடுத்து மோரில் கலக்கியதும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"என்ன பொடி பெரியப்பா அது?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"சிமெண்ட்டு. கம்பம் ஆடாம நிக்கணும்ல."

அவனைப் பார்த்துக்கொண்டே மோரைக் கடைசி மடக்குவரை குடித்தாராம். அவர் எந்த வரப்பின் கீழே நின்று குடித்தாரோ, அது அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். திரும்பி வரும்போது பேருந்தில் நன்றாகத் தூங்கினாராம்.

சொல்லி முடித்ததும் அம்மாவுக்கு வேறு ஞாபகம் வந்தது.

"ஏன்டி வாணி, ஒங்கப்பாவுக்கு இப்பல்லாம் பொரையே ஏறுறதில்ல. எங்கள நெனைக்கிறத விட்டுட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. சாப்பிட்டு முடித்திருந்த நேரம். குரல் காய்ந்து, தெளிவாக இருந்தது.

"நெனைக்கட்டும். சாப்புடுற நேரம் மட்டும் பாத்து நெனைக்க வேணாம்னு சொல்லு."